சடங்குக்கு நாள் குறித்த நாக்கு

மே 11, ஞாயிறு

ஆண்டிபட்டியின் வரலாற்றை வருங்காலத்தில் எழுதப்போகும் அறிஞர் பெருமக்கள் குறித்துக்கொள்ளவும். இன்று பகல் ஒன்றரை மணிக்கு, ஒரு கல்யாண வீட்டு மூன்றாம் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, இந்த ஊரின் மாபெரும் பொய் சொல்லப்பட்டது. சொன்னவன் அடியேன், சுருளிவேல், வயது நாற்பத்தொன்று, பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. என் பேனரைப் பார்த்துவிட்டு மழை மேகம் கும்பிடு போட்டுத் திரும்பிப் போனதுண்டு.

பேப்பர் ஏஜென்சிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெள்ளையாகக் கிடந்தது. இன்றுதான் திறந்தேன். நடந்ததை என் மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னால் கரண்டி பறக்கும். டைரிக்குக் கை கிடையாது.

எனக்கு ஒரே அக்கா, செல்லத்தாய். அவளுக்கு ஒரே மகள், இலக்கியா. பிளஸ் டூ போகப்போகிறாள். என் மருமகளின் உயரம் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. வாலிபாலை ஓங்கி அடித்தால் பந்து வைகை அணையில் போய் விழும், இரண்டு பேர் பரிசல் போட்டுத்தான் எடுத்துவர வேண்டும். அப்பேர்ப்பட்டவள் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. பதினேழு முடியப்போகிறது.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் குருவம்மா மதினி. இலக்கியாவின் அப்பா தவமணி மச்சானுக்கு உடன்பிறந்த அக்கா. அப்பளத்தை நொறுக்கியபடி ஆரம்பித்தார்.

"ஏப்பா சுருளி, ஒம் மருமக இன்னும் ஆளாகலியாமே? இல்ல, சீர் செய்யச் சோம்பப்பட்டுக்கிட்டு தாய்மாமன்காரன் அமுக்கி வச்சிருக்கியா?"

சுற்றி இருந்த பத்து இலைகளிலும் மெல்லுவது நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமல் எழுந்து நின்று பேசியது.

"போன செவ்வாக்கிழமையே ஆயாச்சு மதினி! சேதி எனக்குத்தான மொதல்ல வரும்? ஜூன் எட்டாம் தேதி சடங்கு. ஏழு லாரில சீர் வருது. எட்டாவது லாரில வர்றது ஒட்டகம்."

ஒட்டகத்தை யாரும் நம்பவில்லை. மற்றதை எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஏனென்றால் எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் முதல் சேதி தாய்மாமனுக்கு. அவன் பச்சை ஓலை வெட்டி வந்து அவளைத் தனியே உட்காரவைக்கக் குச்சு கட்டுவான், அவன் சீரோடுதான் சடங்கு. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் தாய்மாமன் வாய், அரசாங்க கெஜட்.

அக்கா மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மே 12, திங்கள்

இலக்கியா கடைக்கு வந்தாள். வாசலில் அவள் நிழல் விழுந்ததும் மெஷின் தானாக நின்றுவிட்டது. (கரண்ட் போயிருக்கலாம்.)

"மாமா, எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"அது வந்து தாயி, ஒங்கத்தை அப்பிடிக் கேக்கவும்..."

"காலைலருந்து பதினோரு பேரு போன்ல வாழ்த்துச் சொல்லிட்டாக. ஒரு அத்தை நல்லெண்ணெயும் உளுந்தும் குடுத்து விட்டிருக்கு. நா என்னத்தச் சொல்ல?"

நான் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் மீது உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா அம்மாகிட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்குறேன். வரும் வரும்னே சொல்லுது. நீங்க பொய் சொன்னீகள்ல, அதுக்குத் தண்டனை. நீங்க கூட்டிட்டுப் போங்க."

வியாழக்கிழமை போவதாக வாக்குக் கொடுத்தேன்.

அவள் போனபின் ஒரு ஓட்டல்காரர் வந்தார். திறப்பு விழா பேனரில் "விரைவில்" என்று கொட்டையாகப் போடச் சொன்னார். நான் "கூடிய சீக்கிரம்" என்று போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். அந்த எழுத்து என் கம்ப்யூட்டரில் இல்லை என்றேன்.

மே 15, வியாழன்

தேனியில் ஸ்கேன். அக்கா, இலக்கியா, நான். ஸ்கேன் எடுத்த பெண் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தி நகர்த்தித் தேடினாராம். பிறகு எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்தாராம். அவரும் தேடினாராம்.

கர்ப்பப்பை இல்லை.

இந்த வரிக்கு என்னிடம் அலங்காரம் இல்லை.

மதுரைக்குப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் இலக்கியா ஜன்னலோரம். ரிப்போர்ட் கவரை அக்கா மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடியிருந்தாள். "என்னம்மா எழுதிருக்கு?" என்று அவள் கேட்டதற்கு, "ரத்தம் கம்மியாம்" என்றாள் அக்கா. பொய் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வந்த வரம் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

மே 17, சனி

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் ஹெப்சிபா. குட்டையான அம்மாள், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வையில் யானை மண்டியிடும். இலக்கியாவைத் தனியாகச் சோதித்தார், ரத்தம் எடுத்தார். குரோமோசோம் பரிசோதனைக்கு இரண்டு வாரம் ஆகுமாம். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மா வழியில யாராவது இதே மாதிரி வயசுக்கு வராம இருந்திருக்காங்களா? சித்தி, பெரியம்மா, பாட்டி கூடப் பிறந்தவங்க?"

"அப்பிடி யாரும் இல்லைங்க" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சோடா குடிக்க வெளியே போய்விட்டேன். கடுமையான தாகம்.

மே 22, வியாழன்

பேனர் வேலை. காதுகுத்து இரண்டு, கண்ணீர் அஞ்சலி ஒன்று. காதுகுத்துப் பையனுக்குச் சிங்கத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி அடித்தேன். சிங்கம் கொஞ்சம் பயந்த முகமாக வந்துவிட்டது.

மண்டபத்துக்கு மச்சான் சொல்லிவிட்டார். சமையலுக்கும் ஆள் பேசியாகிவிட்டது. நானூறு பேர்.

பஞ்சவர்ணம் சாப்பாடு போடும்போது, "டாக்டரு குடும்பத்தப் பத்திக் கேட்டாகளாமே. நீங்க சொல்றீகளா, நாஞ் சொல்லவா?" என்றாள். மோரில் உப்பு இல்லை என்றேன். மோரே இன்னும் ஊற்றவில்லை.

மே 30, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. மச்சானும் வந்தார். இலக்கியாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தாள் அக்கா. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுச் சொன்னதை, நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வயிற்றுக்குள் கரு உருவான முதல் ஆறேழு வாரம் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எல்லாருக்கும் ஒரே அமைப்புதான். இரண்டு ஜோடிக் குழாய். ஒரு ஜோடி வளர்ந்தால் கர்ப்பப்பை, கருக்குழாய். இன்னொரு ஜோடி வளர்ந்தால் ஆணுக்கு உள்ளவை. இலக்கியாவின் குரோமோசோம் எக்ஸ் ஒய். அதனால் உள்ளே உண்டான சுரப்பி சூலகம் இல்லை, ஆணுக்கு உள்ள சுரப்பி. அது இரண்டு உத்தரவு போட்டது. முதல் உத்தரவு, கர்ப்பப்பை வேண்டாம் என்பது. அதன்படி கர்ப்பப்பை வளரவில்லை. இரண்டாவது, ஆணாக வளர வேண்டும் என்பது. அந்த உத்தரவை இவள் உடம்பு காதிலேயே வாங்கவில்லை. ஆகவே பெண்ணாகவே வளர்ந்தாள்.

உத்தரவை மதிக்காத உடம்பு. சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

மச்சான் எழுந்துவிட்டார். "எம் பொண்ண ஆம்பளைங்கிறீகளா?"

"பொண்ணுன்னுதாங்க சொல்றேன். பொறந்ததுலருந்து பொண்ணு. நாளைக்கும் பொண்ணு. உக்காருங்க."

"அப்ப உள்ள இருக்கறத எடுத்துருங்க."

"அவசரமே இல்லைங்க. அந்தச் சுரப்பி சுரக்கிறதைத்தான் உடம்பு பெண் ஹார்மோனா மாத்திக்குது. எலும்பு கெட்டிப்படுறதுக்கும் அதுதான் வேணும். புத்துநோய் பயம் இந்த வயசுல ரொம்பக் கம்மி, தொடர்ந்து பார்த்துக்கலாம். எடுக்கிறதா வேண்டாமான்னு பின்னால அவங்களே முடிவு பண்ணட்டும். முதல்ல அவங்களுக்குச் சொல்லணும். அடுத்த வியாழன் அவங்களோட வாங்க, நான் பக்குவமாச் சொல்றேன்." பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டே, "இது பெரும்பாலும் தாய் வழியா வர்றது. மறுபடியும் கேக்கறேன், வீட்டுல வேற யாருமே இல்லையா?"

அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் இலக்கியா உயிரியல் புத்தகத்தோடு இருந்தாள். எங்கள் மூன்று முகத்தையும் பார்த்து, புத்தகத்தை மூடினாள். ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் குடித்தோம்.

ஜூன் 1, ஞாயிறு

மச்சான் உள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமில் பேசிவிட்டு வந்திருக்கிறார். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆபரேஷன். எடுத்துவிட்டால் தீர்ந்தது, நாலு நாளில் எழுந்து சடங்கு மணையில் உட்கார்ந்துவிடலாம் என்றார்களாம். இலக்கியாவிடம் குடல் இறக்கம் என்று சொல்லிவிட வேண்டியது.

அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ சொல்லு. நாஞ் சொன்னா எம் மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சுருவா. நீ சொன்னா நம்புவா."

"டாக்டரம்மா அவகிட்டச் சொல்லணும்னு சொன்னாகளே அக்கா."

"சொல்லி? அவ தாங்குவாளா? இந்த ஊரு தாங்க விடுமா? பாத்தோம்ல." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் மாடிக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குடல் இறக்கத்தின் வரலாற்றை எடுத்துவிட்டேன். பாண்டிய மன்னர்களுக்கே அது இருந்ததாகவும், அதனால்தான் குதிரையில் ஒருச்சாய்த்து உட்கார்ந்தார்கள் என்றும் சொன்னேன். சின்ன வயதில் வாலிபால் ஆடிய குடல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, உள்ளே தள்ளித் தையல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"எல்லாமா, மாமா?"

"எல்லாந்தான் தாயி."

சிரித்தாள். மே மாதம் முழுக்கப் பார்க்காத சிரிப்பு.

நம்பிவிட்டாள்.

ஜூன் 2, திங்கள்

இன்று ஒன்றும் விசேஷமில்லை. பள்ளிக்கூடம் திறந்தார்கள். எட்டுக்குப் பத்து சைஸில் ஒரு பேனர் அடித்து, கயிறு கட்டும் வளையத்தைத் தலைகீழாகக் குத்திவிட்டேன். சாப்பிடவில்லை.

பஞ்சவர்ணம் தன் போனை என் முன்னால் வைத்தாள். "ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்காக. நா பொங்கலுக்குப் பொங்கல் பேசுறேன். ஊருக்கே வீரம் பேசுறீகளே, போயிட்டு வாங்க பாப்போம்."

ஜூன் 3, செவ்வாய்

மே 11-ஆம் தேதிப் பக்கத்தில் எனக்கு ஒரே அக்கா என்று எழுதியிருக்கிறேன். எனக்கு இரண்டு அக்கா. இரண்டாவது போதுமணி. பெண் பிள்ளை போதும் என்று வைத்த பெயர். என்னைவிட நாலு வயது மூத்தவள்.

அவளும் உயரம். அவளும் பதினாறு வயதாகியும் ஆளாகவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு. தெருவே பேசியது. எதையும் வேடிக்கையாக்கி நாலு பேரைச் சிரிக்கவைப்பதில் அன்றே நான் சக்கரவர்த்தி. ஒரு நாள் அடுப்புக்கரியை எடுத்துப்போய், ரேஷன் கடைச் சுவரில், சினிமா போஸ்டர் மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"விரைவில்! விரைவில்! போதுமணி சடங்கு! விரைவில்!"

நான் செய்த முதல் பேனர் அதுதான். மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னக்கா வீட்டிலிருந்து ஈரத் துணியைக் கொண்டுவந்து, அத்தனை பேருக்கும் நடுவில், ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள். என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மறு வருஷம் வயிற்றில் கட்டி என்று அப்பா கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். அதற்கு அடுத்த வருஷம் வேலைக்கென்று போனவள் திரும்பவில்லை. சொத்துத் தகராறு என்று இலக்கியாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

மூன்று பஸ் மாறிப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். போனபோது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றன. சின்னக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைத்தடி. நாற்பத்தைந்து வயசுக்கு முதுகு வில்லாக வளைந்திருந்தது. அந்த உயரம் எங்கே போனதென்று தேடினேன்.

"நூத்திப் பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "யாரு, சுருளியா? தொப்பை போட்டுட்ட."

இடுப்பு எலும்பு ஒரு தடவை, மணிக்கட்டு இரண்டு தடவை முறிந்ததாம். நடந்ததைச் சொன்னேன். முட்டையை உரித்தபடியே கேட்டாள்.

"வெட்டப் போறாகளா?"

"நாளைக்குக் காலைல."

"அவளுக்குத் தெரியுமா?"

"குடல் இறக்கம்னு சொல்லிருக்கு."

"யாரு சொன்னது?"

நான் குனிந்து முட்டை ஓட்டைப் பொறுக்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தடியை ஊன்றி எழுந்துபோய், தன் பையில் இருந்த ரேஷன் கார்டு உறையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு. இருபத்தெட்டு வருஷம் முந்தியது, எல்லாம் இங்கிலீஷ்.

"எனக்கும் கட்டின்னுதான் சொன்னாக. ரெண்டு மருந்துக் கடைல காட்டிக் கேட்டேன். ஒருத்தன் தெரியலன்னான். ஒருத்தன் என்னய மேலயுங் கீழயும் பாத்துட்டு, திருப்பிக் குடுத்துட்டான். அதுக்கப்புறம் யார்கிட்டயும் காட்டல. என்னத்த எடுத்தாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சுருளி."

சுவரைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "புள்ளைக சாப்பிடுற நேரம், அப்பறமாப் பேசு" என்றாள். சீட்டை என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

ஜூன் 4, புதன்

காலை ஏழரை மணி. மச்சான் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். இலக்கியா பச்சை அங்கியில், கட்டிலுக்கு வெளியே கால் நீட்டியபடி இருந்தாள். எங்கள் ஊர்க் கட்டில்கள் அவளுக்குப் பத்தாது.

"என்ன மாமா, பாண்டிய மன்னர்லாம் வரலியா?"

சீட்டைக் கொடுத்தேன். என் நாக்கு எழுந்து நிற்கவில்லை. தேடிப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது.

"இது ஒஞ் சித்தி போதுமணியோடது. படி தாயி. நா ஞாயித்துக்கெழம சொன்னது... குடல் இறக்கம் இல்ல."

படித்தாள். அவள் இங்கிலீஷ் எங்கள் ஊரிலேயே பெரிய இங்கிலீஷ். மறுபடி படித்தாள்.

"எனக்கும் இதேவா?"

"ஆமா."

"கர்ப்பப்பை?"

"இல்ல தாயி."

"எத்தன நாளாத் தெரியும்?"

"மே பதினஞ்சு."

டாக்டரம்மா சொன்ன இரண்டு உத்தரவையும் சொன்னேன். அவசரமில்லை என்றதையும், அவளிடம் சொல்லச் சொன்னதையும், நாங்கள் சொல்லாததையும் சொன்னேன். அவள் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டையே பார்த்தாள்.

"ஒன்பதரைக்கு ஆபரேசன். பத்து மணி நேரமா பச்சத் தண்ணி குடுக்கல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏதாச்சும் சாப்பிட்டுட்டா மயக்க ஊசி போட மாட்டாகள்ல, மாமா?"

"மாட்டாக."

"நாலு இட்லி. கெட்டிச் சட்னி."

எதிர்க் கடைக்கு ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடிய வேகத்தில் ரோட்டோரப் புளியமரம் இரண்டு சாய்ந்திருக்கும். பார்சலோடு திரும்பும்போது கவுண்டரில் மச்சான் கேட்டார். "யாருக்குடா?"

"எனக்குத்தான் மச்சான்." இன்றைய தேதி வரை நான் சொன்ன கடைசிப் பொய் அது.

இலக்கியா நிதானமாகச் சாப்பிட்டாள். மூன்றாவது இட்லியில் நர்ஸ் வந்து கத்தினார். "ஐயையோ, சாப்பிட்டுட்டியா! டாக்டர் தொட மாட்டாரே!" கத்தலுக்கு மச்சான் ஓடிவந்தார். என்னையும் இலையையும் பார்த்தார். அறைந்தார். காது இன்னும் ரீங்காரம்.

"அப்பா, அவரை எதுக்கு அடிக்கிறீக? நாந்தான கேட்டேன்." நாலாவது இட்லியைச் சட்னியில் துடைத்தாள். "எனக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்குச் சொல்லாமயே வெட்ட வந்தீகளேப்பா."

மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பேனாவை மூடக்கூட மறந்து, சட்டையெல்லாம் மை. அக்கா மருந்துப் பையோடு வாசலில் நின்றாள். யாருக்கு எப்போது அழுகை வந்தது என்று வரிசைப்படுத்த என்னால் முடியவில்லை.

ஜூன் 5, வியாழன்

மதுரை. சின்னக்கா ஒட்டன்சத்திரத்திலிருந்து நேராக வந்திருந்தாள். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படியில் பார்த்துக்கொண்டார்கள்.

"எளைச்சுட்ட."

"ஒனக்கு நரைச்சுருச்சு."

அவ்வளவுதான். ஆனால் படியேறும்போது பெரியக்கா தடியை வாங்கிக்கொண்டு தன் தோளைக் கொடுத்தாள்.

இந்தத் தடவை இலக்கியா டாக்டருக்கு எதிர் நாற்காலியில். நாங்கள் பின்னால். அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் குழந்தை பெத்துக்க முடியாதுல்ல?" முடியாது என்று டாக்டர் நேராகச் சொன்னார். அப்போதுதான் அழுதாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு இரண்டாவது கேள்வி கேட்டாள்.

"வாலிபால் ஆடலாமா?"

"தாராளமா ஆடலாம். எலும்புக்கு நல்லது."

பிறகு பின்வரிசையிலிருந்து சின்னக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "டாக்டரம்மா, எனக்கும் ஒரு கேள்வி. எங்கிட்டருந்து எடுத்தது கட்டியா?"

டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "கட்டி இல்லம்மா. நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்த சுரப்பி. எடுத்ததுக்கு அப்புறம் தினமும் மருந்து குடுத்திருக்கணும். குடுக்காததாலதான் இந்த எலும்பு. இப்பவும் மருந்து இருக்கு, ஆரம்பிக்கலாம்."

"நல்லா வேலை செஞ்சுச்சா?" என்று கேட்டாள் சின்னக்கா. அதை இரண்டு தடவை கேட்டாள்.

ஜூன் 7, சனி

நாளைக்கு மண்டபம். நானூறு பேர். என்ன செய்வது என்று இலக்கியாவிடமே கேட்டோம்.

"சடங்கு வேணாம். சோறு போடுங்க. பொய்யச் சொன்னது நீங்க மாமா, நீங்களே அதை எடுங்க. ஆனா என் விசயத்த நீங்க யாரும் சொல்லக் கூடாது. சொல்றதா இருந்தா நாஞ் சொல்லிக்கிறேன்."

மச்சான் என்னிடம் பேசவில்லை. மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

கடையைச் சாத்திக்கொண்டு பேனர் அடித்தேன். பத்துக்கு எட்டு. சிங்கம் இல்லை, கிரீடம் இல்லை, ஒட்டகம் இல்லை. கும்பிட்ட கையோடு என் படம் மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மண்டப வாசலில் பேனரைக் கட்டினேன். வாசகம்:

"அன்புடையீர்! இன்று இங்கே சடங்கு இல்லை. மே 11 அன்று பந்தியில் நான் சொன்னது பொய். பெண் மீதோ பெற்றவர்கள் மீதோ குற்றமில்லை. சாப்பாடு உண்டு. அவசியம் உண்டுவிட்டுச் செல்லவும். இப்படிக்கு, பொய் சொன்ன தாய்மாமன் சுருளிவேல்."

முதலில் வந்தது சின்னக்கா. தடியை ஊன்றி, பேனர் முன்னால் நின்று, மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"இந்தத் தடவ ஒம் பேரப் போட்டுட்ட."

"அக்கா, அன்னைக்குச் சுவத்துல..."

"தெரியும். அன்னைக்கு எம் பேரு, நாந் தொடச்சேன். இது ஒம் பேரு. நீ பாத்துக்க." உள்ளே போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

வந்தவர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், திட்டினார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே காறித் துப்பினார். குறி தப்பியது. ஆனால் ஒருவர் விடாமல் சாப்பிட்டார்கள்.

குருவம்மா மதினி இலையை விட்டு நிமிர்ந்து, மண்டபமே கேட்க, பாயச வாளியோடு வந்த இலக்கியாவிடம் கேட்டார்.

"அப்ப இது பொய்யின்னா, நெசமா எப்பத்தேன்டி ஆளாகப் போற?"

பந்தி முழுக்க மெல்லுவது நின்றது, மே 11 மாதிரியே. என் நாக்கு எழுந்தது. நான் பல்லைக் கடித்து உள்ளே உட்காரவைத்தேன். பெரியக்கா தலையைக் குனியவில்லை.

"வராது அத்தை. எனக்குக் கர்ப்பப்பை இல்ல. பெறக்கும்போதே இல்ல." வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பாயசம் விடவா?"

மதினி இலையில் ஒரு பக்கமாக இருந்த சோற்றை ஒதுக்கி, இடம் பண்ணினார்.

"கொஞ்சமா விடு ஆத்தா" என்றார்.

மச்சான் கடைசிப் பந்திக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இலக்கியா அவருக்கு இரண்டு கரண்டி விட்டாள். குடித்தார்.

நாளைக் காலையில் அந்தப் பேனரை என்ன செய்வதென்று பஞ்சவர்ணம் கேட்டாள். கரியில் எழுதினால் ஈரத் துணிக்கு அழியும். ஃப்ளெக்ஸ் அழியாது. தெரிந்துதான் அடித்தேன்.